எபிசோட் 38: ரசவடை, ஆசிட், ஒரு செல்போன் டவர்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, சரிசெய்திருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு பிளாஸ்டிக் சவ்வு பத்திப் பேசப் போறோம். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான, பழுப்பு நிறத்துல இருக்கிற ஒரு ஷீட். "இதுக்கு ஒரு எபிசோடா"ன்னு நினைக்காதீங்க. இதுக்கும் எங்க அம்மாவுக்கும் சம்பந்தம் இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்போ நான் பெங்களூர்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்மா பள்ளிக்கரணைல, முதல் மாடி வீட்டுல, தனியா. காலைல போன் பண்ணினாங்க. "தண்ணி கேட்டைத் தாண்டிடுச்சுடா. நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான், கட் ஆகிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க குரலைக் கேட்டது 6-ம் தேதி சாயங்காலம்.

அந்த ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். அந்த வாரம் சென்னைல ஆள் இருந்த எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. மேல் வீட்டுக்காரங்க சோறு போட்டிருக்காங்க. ஆனா எனக்கு ஒரு கேள்வி மட்டும் மண்டைல நின்னுடுச்சு. வெள்ளத்துல கரண்டை நிறுத்துவாங்க, அது பாதுகாப்புக்கு, சரி. டவர் ஏன் செத்துப் போச்சு?

பின்னாடி ஊருக்குப் போனப்போ, எங்க தெரு முனைல இருக்கிற டவரைப் பார்த்துக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். ரொம்ப சிம்பிளா சொன்னார். "கரண்ட் போனா பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் தம்பி. அப்புறம் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்துச்சு. டீசல் கொண்டு வர வண்டி வர முடியல. அவ்வளவுதான்."

இதை என் காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்ககிட்ட புலம்பினேன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால அக்கான்னே வச்சுக்குவோம். நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு கோடிங் பக்கம் ஓடி வந்தவன். அக்கா ஓடாம அங்கேயே நின்னு ஆராய்ச்சி பண்றவங்க. அவங்க சொன்னாங்க: "டேய், நீ ஃபைனல் இயர்ல கிழிச்சியே ஒரு மெம்ப்ரேன், அது ஒழுங்கா வேலை செஞ்சா அந்த டவருக்கு டீசலே வேண்டாம்டா."

கிழிச்சேன்னா, நிஜமாவே கிழிச்சேன். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

ரெண்டே நிமிஷத்துல ஃபியூல் செல்

ஃபியூல் செல் புதுசு இல்ல. 1839-லயே வில்லியம் குரோவ் அடிப்படையைக் காட்டிட்டார். ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் காத்துல இருக்கிற ஆக்சிஜன். நடுவுல நம்ம சவ்வு. ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினம் இருக்கும். அது ஹைட்ரஜனை புரோட்டான், எலக்ட்ரான்னு ரெண்டாப் பிரிக்கும். சவ்வு புரோட்டானை மட்டும் உள்ளே விடும். எலக்ட்ரான் வெளியே ஒயர் வழியா சுத்திட்டுத்தான் அந்தப் பக்கம் போகணும். அந்தச் சுத்துதான் நமக்குக் கரண்ட். அந்தப் பக்கம் போனதும் மூணும் சேர்ந்து தண்ணியாகிடும். எரியிறது இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல.

ஆக, சவ்வுக்கு மூணு வேலை. புரோட்டானை விடணும். எலக்ட்ரானை விடக் கூடாது. ரெண்டு பக்க வாயுவும் கலந்துடாம சுவர் மாதிரி நிக்கணும். மூணுல எது சொதப்பினாலும் செல் காலி.

இந்த வேலையைப் பிளாஸ்டிக்கை வச்சு முடிக்கலாம்னு 1955-ல் ஜெனரல் எலக்ட்ரிக்ல இருந்த வில்லார்ட் தாமஸ் க்ரப் காட்டினார். பத்து வருஷத்துல, 1965-ல், ஜெமினி 5 விண்கலத்துல அந்த வகை செல் பறந்துச்சு. அப்புறம் டூபான்ட் கம்பெனியோட நாஃபியான் வந்துச்சு. டெஃப்லான் தோசைக்கல் தெரியும்ல? அந்தக் குடும்பம்தான். டெஃப்லான் முதுகெலும்புல, நுனியில ஆசிட் இருக்கிற கைகளை ஒட்டி வச்ச மாதிரி. இன்னைக்கு ஹைட்ரஜன் கார்களுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் இந்த ஜாதி சவ்வுதான்.

நாஃபியானுக்கு ஒரு குணம் உண்டு. அது ஈரமா இருந்தாத்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கிற தண்ணி வழியாத்தான் புரோட்டான் நகருது. தண்ணி 100 டிகிரில கொதிக்கும். அதனால இந்த செல்களை 80 டிகிரி சுத்துலதான் ஓட்டுவாங்க. அதுக்கு மேல போனா சவ்வு காய்ஞ்சு, பாதை அடைபட்டுடும்.

80 டிகிரி போதாதா?

கார்ல, சுத்தமான ஹைட்ரஜன் இருந்தா, போதும். பள்ளிக்கரணை டவருக்குப் போதாது. ஏன்னு சொல்றேன்.

ஹைட்ரஜனை சிலிண்டர்ல அடைச்சு ஒவ்வொரு டவருக்கும் கொண்டு போறது டீசல் கொண்டு போறதை விடப் பெரிய தலைவலி. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு: மெத்தனால். அது திரவம், டிரம்ல நிக்கும். தண்ணி சேர்த்து 250, 300 டிகிரில ஒரு வினையூக்கி மேல விட்டா ஹைட்ரஜன் வந்துடும். டவர்கிட்டயே தேவைப்படும்போது தயாரிச்சுக்கலாம்.

ஆனா அந்த ஹைட்ரஜன் கூடவே ஒரு விருந்தாளி வருவார், கார்பன் மோனாக்சைடு. அடைச்ச ரூம்ல ஜெனரேட்டர் ஓடினா ஆளைக் கொல்லுதே, அதேதான். நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிஜனுக்கு இடம் கொடுக்காத மாதிரி, இங்கே பிளாட்டினத்து மேல உக்காந்துக்கிட்டு ஹைட்ரஜனுக்கு இடம் கொடுக்காது. 80 டிகிரில, பத்து லட்சத்துல 10 பங்கு இருந்தாலே செல் திணறும். மெத்தனால்ல இருந்து வர்ற வாயுல அது நூத்துல ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஆயிரம் மடங்கு. அதைச் சுத்தம் பண்ண தனியா ஒரு குட்டி கெமிக்கல் பிளான்ட்டே வேணும்.

இப்போ செல்லை 160, 180 டிகிரிக்குக் கொண்டு போங்க. அந்தச் சூட்டுல கார்பன் மோனாக்சைடால பிளாட்டினத்தை இறுக்கிப் பிடிக்க முடியாது. நூத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு பங்கு வரைக்கும் இருந்தாலும் செல் ஓடும். சுத்தம் பண்ற பிளான்ட்டைத் தூக்கிப் போட்டுடலாம். அதான் பெரிய லாபம்.

இன்னொரு லாபம் நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்தும். செல்லுல வர்ற சூட்டை வெளியே தள்ளணும்ல? மே மாசம் வெளியே 40 டிகிரி. செல் 80-ல இருந்தா வித்தியாசம் 40 தான். செல் 160-ல இருந்தா வித்தியாசம் 120, மூணு மடங்கு. வித்தியாசம் கூடினா ரேடியேட்டர் சின்னதா இருந்தாலே போதும்.

ஆக, நமக்கு வேண்டியது, தண்ணியை நம்பாத, 160 டிகிரில வருஷக்கணக்கா நிக்கிற ஒரு சவ்வு.

தீயணைப்பு வீரர் சட்டைல இருந்து

பாலிபென்சிமிடசோல்னு ஒரு பாலிமர். வாய்ல நுழையலன்னா பிபிஐன்னு சொல்லுங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. 1961-ல் அமெரிக்காவுல ஹெர்பர்ட் வோகலும் கார்ல் மார்வெலும் செஞ்சு காட்டினது. 400 டிகிரி வரைக்கும் இளகவே இளகாது. சுலபத்துல தீப்பிடிக்காது. 1967 ஜனவரில அப்போலோ 1 கேபின்ல தீப்பிடிச்சு மூணு விண்வெளி வீரர்கள் இறந்த பிறகு, தீப்பிடிக்காத துணி தேடினப்போ நாசா இது பக்கம் வந்துச்சு. இன்னைக்கும் தீயணைப்பு வீரர்களோட கோட்டுல இந்த நூல் இருக்கு.

ஆனா பிபிஐ தனியா புரோட்டானைக் கடத்தாது. வெறும் சுவர். 1995-ல், அமெரிக்காவுல கிளீவ்லாந்து நகரத்துல இருக்கிற கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துல, வெய்ன்ரைட், சாவினெல், லிட் இவங்க குழு ஒரு கட்டுரை போட்டாங்க. பிபிஐ சவ்வை பாஸ்பாரிக் ஆசிட்ல ஊற வச்சா அது புரோட்டானைக் கடத்துது, 100 டிகிரியைத் தாண்டியும் கடத்துதுன்னு. இந்தத் துறையோட பிள்ளையார் சுழி அதுதான்.

ஏன் பாஸ்பாரிக் ஆசிட்? அது சீக்கிரம் ஆவியாகாது. புரோட்டானைக் கொண்டு போறதுக்குத் தண்ணியும் பெருசாத் தேவையில்ல. கான்கிரீட் போடுற இடத்துல பார்த்திருப்பீங்க. ஒருத்தரே சட்டியைத் தலைல வச்சுக்கிட்டு மாடி ஏறலாம். இல்லன்னா வரிசையா நின்னு சட்டியைக் கைமாத்தி விடலாம், ஆள் நகர மாட்டாங்க, சட்டி மட்டும் மேலே போய்ச் சேரும். ஆசிட் மூலக்கூறுகள் ரெண்டாவது வழில நிக்கிறாங்க. புரோட்டான்தான் சட்டி. 1806-லயே குரோட்டஸ்னு ஒருத்தர் தண்ணிக்குச் சொன்ன யோசனை இது, இன்னைக்கும் அவர் பேர்லதான் இருக்கு.

ரசவடை பிரச்சினை

இப்போ என் கதை. ஃபைனல் இயர் புராஜெக்ட். எங்க புரொஃபஸர் எங்கிருந்தோ கொஞ்சம் பிபிஐ பவுடர் வாங்கிக் கொடுத்தார். "விலை தெரியுமா, சிந்தாதீங்கடா"ன்னு பத்து தடவை சொல்லியிருப்பார். கரைப்பான்ல சூடு பண்ணிக் கரைச்சு, கண்ணாடித் தட்டுல ஊத்தி, காய வச்சு, தண்ணில போட்டு உரிச்சா, தேன் கலர்ல ஒரு ஷீட் வரும். நானும் என் ஃபிரெண்டும் உரிச்ச முதல் ஷீட்டை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் அதை 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்ல போடணும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடுங்கிறதுதான் கேள்வி. எங்களுக்கு ரிவ்யூல நல்ல கிராஃப் காட்டணும். ஆசிட் கூடினா கடத்தும் திறன் கூடும். அதனால சூட்டை ஏத்தி, நேரத்தையும் ஏத்தினோம். கிராஃப் பிரமாதம். எங்க பேட்ச்லயே அதிக நம்பர். கடைசில அதை எடுத்து செல்லுக்குள்ள வச்சு போல்ட்டை முறுக்கினோம். வழவழன்னு ஊறிப் போயிருந்த சவ்வு, ஓரத்துல ஒரு சத்தமும் இல்லாம கிழிஞ்சுது. அடுத்ததும் கிழிஞ்சுது. பவுடர் தீர்ந்துச்சு. ரிவ்யூல கிராஃபை மட்டும் காட்டி மார்க் வாங்கிட்டு வந்துட்டோம்.

இதை அக்கா ஒரே வார்த்தைல சொல்வாங்க: "ரசவடை." வடையை ரசத்துல போடுறோம். ஊறலன்னா உள்ளே வறட்டு வடை, ருசியே இல்ல. நல்லா ஊறினா அமிர்தம். ரொம்ப ஊறினா? கரண்டியால தூக்கும்போதே கிண்ணத்துக்குள்ள கரைஞ்சுடும்.

கெமிஸ்ட்ரி என்னன்னா, பிபிஐ சங்கிலில ஒவ்வொரு கண்ணியிலும் ஆசிட்டைப் பிடிச்சுக்க ரெண்டு இடம் இருக்கு. முதல் ரெண்டு ஆசிட் மூலக்கூறு அங்கே கெட்டியா ஒட்டிக்கும். ஆனா அந்த ரெண்டு மட்டும் இருந்தா வரிசைல ஆள் பத்தாது, சட்டி நகராது. நல்லா நகரணும்னா கண்ணிக்கு ஆறு, எட்டு, பத்துன்னு வேணும். அந்த மிச்ச ஆசிட்டை யாரும் இறுக்கிப் பிடிச்சுக்கல. சும்மா இடுக்குல நிக்குது. வேலை செய்றதும் அதுதான், சவ்வை ஊத வச்சு பலவீனம் ஆக்குறதும் அதுதான், முதல்ல கழுவிட்டுப் போறதும் அதுதான்.

இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்குங்க: இந்த சவ்வுகளை மேம்படுத்துறதுன்னா, ஆசிட்டை நிறைய ஊத்துறது இல்ல. ஊத்தின ஆசிட்டை விடாம பிடிச்சு வைக்கிறது.

முப்பது வருஷமா என்ன பண்ணினாங்க?

நிறைய பண்ணினாங்க. மூணை மட்டும் சொல்றேன்.

முதல் வழி, சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போடுறது. கிராஸ்லிங்க்கிங். முடிச்சு இருந்தா சவ்வு ரொம்ப ஊதாது, இழுத்தா சீக்கிரம் கிழியாது. ஆனா முடிச்சு கூடக் கூட ஆசிட்டுக்கு இடம் குறையும், சவ்வு நொறுங்குற மாதிரி விறைப்பாகவும் ஆகலாம். சிலிக்கா மாதிரி நுண்துகள்களைக் கலக்குறதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஒரு பக்கம் ஏத்தினா இன்னொரு பக்கம் இறங்கும்.

ரெண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிரையன் பெனிசெவிச்னு ஒரு பேராசிரியர், அமெரிக்காவுல ரென்சிலேர் பாலிடெக்னிக்ல இருந்தப்போ அவர் குழு செஞ்சது, 2005 வாக்குல வெளியாச்சு. அவங்க சுட்ட வடையை ரசத்துல போடல, மாவையே ரசத்துல அரைச்சாங்க. அதாவது பாலிபாஸ்பாரிக் ஆசிட்டுக்குள்ளேயே பிபிஐ தயாரிச்சு, அந்தக் குழம்பைச் சூடா அப்படியே தட்டுல ஊத்திட்டாங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டதும் பாலிபாஸ்பாரிக் ஆசிட், சாதாரண பாஸ்பாரிக் ஆசிட்டா மாறும். பிபிஐ முதல் ஆசிட்ல நல்லா கரையும், ரெண்டாவதுல கரையாது. அதனால ஆசிட்டை உள்ளே வச்சுக்கிட்டே ஜெல்லியா உறைஞ்சுடும். கண்ணிக்கு 30 மூலக்கூறுக்கு மேல ஆசிட். நாங்க கிழிச்ச சவ்வு எல்லாம் இது பக்கத்துலயே வர முடியாது. ஆனா எடையில பெரும்பகுதி ஆசிட்தான், பாலிமர் கொஞ்சம்தான். அதனால அழுத்தத்துல மெதுவா நசுங்கிக்கிட்டே போகும்.

மூணாவது, பிடியையே மாத்துறது. 2016-ல் நியூ மெக்சிகோவுல இருக்கிற லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல, யூ சியுங் கிம் குழு 'நேச்சர் எனர்ஜி' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஆமா, அணுகுண்டு செஞ்ச அதே லாஸ் அலமோஸ். பிபிஐல ஆசிட் ஒட்டியிருக்கிறது ஒரு சுமாரான ஆசிட்-பேஸ் உறவு. இவங்க பாலிமர் மேலயே நிரந்தரமா ஒரு பாசிட்டிவ் சார்ஜை வச்சுட்டாங்க, குவாட்டர்னரி அம்மோனியம். பாஸ்பேட் பக்கம் நெகட்டிவ் சார்ஜ். பிளஸ்ஸும் மைனஸும் இறுக்கிப் பிடிச்சுக்குது. அவங்க கணக்குப்படி இந்தப் பிடி, பிபிஐல இருக்கிற பிடியை விட எட்டு மடங்குக்கு மேல பலம். பலன் என்னன்னா, 80 டிகிரில இருந்து 200 டிகிரி வரைக்கும் அந்த செல்லை ஓட்டிக் காட்டினாங்க. சாதாரண பிபிஐ செல்லை 140 டிகிரிக்குக் கீழே, ஈரத்தோட ஓட்டப் பயப்படணும்.

80 டிகிரிலயும் ஓடுதுங்கிறது ஏன் பெரிய விஷயம்? அங்கதான் நம்ம டவர் திரும்ப வருது.

ஆன், ஆஃப்

ஹை டெம்பரேச்சர் செல் 160 டிகிரில ஓடிக்கிட்டே இருந்தா, உள்ளே உருவாகிற தண்ணி நீராவியா வெளியே போயிடும். சந்தோஷம். நிறுத்தினா? செல் குளிரும். நீராவி தண்ணியாகும். தண்ணிக்கும் பாஸ்பாரிக் ஆசிட்டுக்கும் எவ்வளவு பாசம்னா, பிடிப்பு இல்லாம நிக்கிற ஆசிட்டைக் கையோட கூட்டிட்டுப் போயிடும். மறுபடி ஆன் பண்றப்பவும் அதே ஆபத்து. அதனால முதல்ல நல்லா சூடாக்கிட்டுத்தான் கரண்ட் எடுக்கணும்.

எண்ணிக்கையாச் சொல்றேன். ஜெர்மனியோட பிஏஎஸ்எஃப் கம்பெனி செல்டெக்னு ஒரு பிபிஐ சவ்வு வித்துச்சு. ரெண்டாவது வழில சொன்னேனே, அந்த ஜாதி. 160 டிகிரில நிறுத்தாம ஓட்டினா வோல்டேஜ் மணிக்கு 5, 6 மைக்ரோவோல்ட்தான் குறைஞ்சுதுன்னு வெளியிட்டாங்க. 20,000 மணி நேரம் ஓட்டினா சுமார் 0.12 வோல்ட் இழப்பு. 0.65-ல ஆரம்பிச்சா 0.53. தாங்கலாம். ஆனா தினமும் ஆன், ஆஃப் பண்ணிப் பார்த்தப்போ இழப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பழியெல்லாம் சவ்வு மேல போட முடியாது, ஆன்-ஆஃப் நேரத்துல எலக்ட்ரோடுல இருக்கிற கார்பனும் அரிச்சுப் போகுது. ஆனா மொத்தத்துல, இந்த செல்லுக்கு நிறுத்துறதுதான் நோய்.

பேக்கப்னா என்ன? நிறுத்தி வச்சிருக்கிறதுதானே! கரண்ட் போனா ஆன், வந்தா ஆஃப். புயல் அன்னைக்கு மட்டும் மூணு நாள். நாம எதுக்கு இதைக் கேக்கிறோமோ, அதுதான் இதுக்குப் பிடிக்காத வேலை. அதனாலதான் கிம் குழுவோட 80 டிகிரி முக்கியம். தண்ணியைப் பார்த்துப் பயப்படாத சவ்வு இருந்தா, ஆன்-ஆஃப் பயமும் பாதி குறையும்.

நாங்க காலேஜ்ல துரத்தினது உச்ச நம்பரை. ஆபீஸ்லயும் அதேதான் பண்றேன், லோடு டெஸ்ட்ல ஒரு நொடிக்கு எவ்வளவு ரிக்வெஸ்ட்னு பெருமை பேசுவோம். அப்புறம் ஒரு ராத்திரி சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் உண்மை தெரியும். ஒரு வித்தியாசம் இருக்கு. எனக்குத் தப்பு தெரிஞ்சா பதினஞ்சு நிமிஷத்துல ஃபிக்ஸ் போடலாம். அக்காவுக்கு 20,000 மணி நேரம் தெரியணும்னா ரெண்டே கால் வருஷம் ஓட்டிப் பார்க்கணும். சூட்டை ஏத்தி வேகமாப் பழசாக்கிப் பார்க்கலாம்தான், ஆனா அந்தச் சூட்டுல வேற மாதிரி கெட்டுப் போனா அந்தக் கணக்கும் தப்பு.

நம்ம ஊர்ல?

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்ல. 2019 செப்டம்பர் 26, சிஎஸ்ஐஆர் நிறுவன நாள்ல, அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 5 கிலோவாட் ஹை டெம்பரேச்சர் ஃபியூல் செல் அமைப்பு ஒண்ணை அறிமுகம் பண்ணினார். புனே என்சிஎல், டெல்லி என்பிஎல், நம்ம காரைக்குடி சிக்ரி, மூணு ஆய்வகமும் தெர்மாக்ஸ் கம்பெனியோட சேர்ந்து செஞ்சது. மெத்தனால்ல ஓடும். எதுக்குன்னு சொன்ன பட்டியல்ல டெலிகாம் டவரும் இருந்துச்சு.

சிக்ரி தெரியும்ல? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டின இடம். செட்டிநாட்டு வீடு பார்க்க காரைக்குடி போறவங்க, இப்படி ஒரு லேப் அங்கே இருக்குன்னும் தெரிஞ்சுக்குங்க.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. மெத்தனால் விஷம். 2023-ல் மரக்காணம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. மெத்தனால் கலந்த சாராயம்தான் காரணம். ஆள் இல்லாத ஆயிரக்கணக்கான டவர்கிட்ட டிரம் டிரம்மா மெத்தனால் வைக்கிறதுன்னா, பூட்டு, கணக்கு, கண்காணிப்பு எல்லாம் முதல்ல வரணும். எந்த சவ்வாலயும் தீர்க்க முடியாத பிரச்சினை இது. மெத்தனால் எதுல இருந்து தயாராகுதுங்கிறதும் முக்கியம். நிலக்கரி, இயற்கை எரிவாயுல இருந்து வந்தா அது பசுமையும் இல்ல.

வேற குறையும் இருக்கு. பாஸ்பேட்டே பிளாட்டினத்து மேல ஒட்டிக்கிட்டு ஆக்சிஜன் பக்கத்து வேலையை மந்தமாக்குது. அதனால பிளாட்டினம் கூட வேணும், அதே அளவு செல்லுல கிடைக்கிற பவரும் கம்மி. காசு விஷயம்.

அக்கா சொன்ன பதில்

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அக்காகிட்ட நேராவே கேட்டேன். "அடுத்த புயலுக்குள்ள அந்த டவருக்கு இது வந்துடுமாக்கா?"

சிரிச்சாங்க. "வராதுடா. அடுத்த புயலுக்கு இன்னும் ரெண்டு பேட்டரி, இன்னொரு டிரம் டீசல், டவர் ஜெனரேட்டரை உயரத்துல தூக்கி வைக்கிறது. அதைக் கேளு, அது நாளைக்கே முடியும்."

"அப்போ நீங்க பண்றது?"

"நான் பண்றது அதுக்கு அப்புறம் வர்ற புயலுக்கு."

இப்போ அவங்க லேப்ல ஒரு செல் ஓடிக்கிட்டு இருக்கு. காலைல நிறுத்தி, குளிர விட்டு, மறுபடி சூடாக்கி, மறுபடி நிறுத்தி. வேணும்னே கஷ்டப்படுத்துறாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கிராஃப் வாட்ஸப்ல வரும். கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிற ஒரு கோடு, மெல்லக் கீழே சரிஞ்சுக்கிட்டு. காலேஜ்ல நாங்க காட்டின கிராஃப் மாதிரி பிரமாதமா ஒண்ணும் இருக்காது. ஆனா அந்தக் கோடு எவ்வளவு மெதுவா சரியுதுங்கிறதுலதான் எல்லாம் இருக்குன்னு இப்போ எனக்குத் தெரியுது. ஒரு வாரம் கிராஃப் வரல. கேட்டேன். "சீல் லீக் ஆகிடுச்சு. பிரிச்சு, புதுசா ஆரம்பிச்சிருக்கேன். மணி பூஜ்யம்"னு பதில் வந்துச்சு. கூட ஒரு வடை எமோஜி தேடியிருக்காங்க, கிடைக்கலையாம், டோனட் அனுப்பியிருந்தாங்க.

அம்மா இன்னும் அதே வீட்லதான் இருக்காங்க. நான் சென்னைக்கே மாறி வந்துட்டேன். மழைக் காலம் வந்தா பவர் பேங்க்ல சார்ஜ் போட்டு வைக்கிறேன், அம்மாவுக்கு ரெண்டாவது நெட்வொர்க்ல ஒரு சிம் வாங்கிக் கொடுத்திருக்கேன். தெரு முனை டவரைக் கடக்கும்போது கீழே இருக்கிற ஜெனரேட்டரை ஒரு பார்வை பார்ப்பேன். இன்னும் தரையிலதான் இருக்கு. அக்கா சொன்ன பிறகு அதைத் தூக்கி வைக்கச் சொல்லி எங்க தெருக்காரங்க சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கோம். பதில் வந்தா இங்கேயே சொல்றேன்.

உங்க ஏரியாவுல புயல் நேரத்துல டவர் எத்தனை மணி நேரம் தாங்குச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல போடுறேன். கெமிக்கல் படிச்சிட்டு ஐடிக்கு வந்தவங்க யாராவது இருந்தா, நீங்களும் எதைக் கிழிச்சீங்கன்னு சொல்லுங்க.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம்.